மருந்து பறிக்க இருவர்

உத்திரமேரூர்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வருவது குடவோலை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகளைப் போட்டோ எடுக்கிறார்கள், ஒரு டீ குடிக்கிறார்கள், கிளம்புகிறார்கள். பார்க்க வேண்டிய கல்வெட்டுதான், சந்தேகமே இல்லை. 30 குடும்பு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஏரிக்குன்னு தனியா ஆள் வெச்சிருந்தாங்க பாருங்க, விவசாயியா எனக்கு அதுதான் பெரிய விஷயமா தெரியுது. வைரமேக தடாகம்னு பல்லவன் பேர்ல இருந்த எங்க ஏரிக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு குழு இருந்திருக்கு.

ஆனா அந்தக் கல்வெட்டிலேயே இன்னொண்ணும் இருக்கு. ஓலையில் பெயர் வர வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் படிப்பும் வேண்டும். நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது.

அதனால் வருகிறவர்களுக்கு நான் இன்னொரு கல்வெட்டையும் சொல்லி அனுப்புவது வழக்கம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் இருக்கிறது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழன் காலத்தது. கோயிலோடு சேர்ந்து ஒரு வேதக் கல்லூரி, மாணவர்கள் தங்க விடுதி, அதோடு ஓர் ஆஸ்பத்திரி. அதற்கு வீரசோழன் என்று பெயர். அந்தக் கால வழக்கில் ஆதுலர் சாலை. ஆதுலர்னா நோயாளிகள். 15 படுக்கை. படுத்திருக்கிறவருக்குத் தினம் எத்தனை அரிசி, ராத்திரி முழுக்க எரிய வேண்டிய விளக்குக்கு எத்தனை எண்ணெய், எல்லாம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். செலவுக்கான வருமானம் வந்தது வயலைக்காவூரிலிருந்து. எங்க தாலுகாவில் இன்னைக்கும் வயலக்காவூர்னு இருக்கிற ஊர்தான். நம்ம வயல் நெல்லில் ஓடின ஆஸ்பத்திரி அது.

வேலையாட்கள் பட்டியலைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மருத்துவர் ஒருவர், அவர் பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்கிறவர் ஒருவர். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவருகிறவர் ஒருவர். இவர்களுக்கு நடுவில், மருந்துக்கு வேண்டிய பச்சிலையும் வேரும் பறித்துக் கொண்டுவந்து, விறகும் போட்டு, மருந்து ஆக்கித் தர இரண்டு பேர். அவர்களுக்கும் நெல்லும் காசுமாக ஆண்டுச் சம்பளம். மருத்துவருக்குக் கூடுதல், அது எங்கேயும் உள்ளதுதான். ஆனால் செடி பறிக்கிறவனும் சம்பளப் பட்டியலில் இருக்கிறான். அவனுக்குப் பெயர் மட்டும் இல்லை.

பறிக்கிறது என்ன பெரிய வேலை என்று நினைக்கக் கூடாது. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் சுமார் 20 பெயர் அதே கல்வெட்டில் வருகிறது. பில்வாதி கிருதம், வில்வம் சேர்த்துக் காய்ச்சின நெய். பூண்டும் ஆமணக்கு எண்ணெயும் சேர்ந்த ஒரு தைலம். புராண கிருதம், அதாவது வருஷக்கணக்கில் வைத்திருந்த பழைய நெய். வாசா ஹரீதகி, ஆடாதொடையும் கடுக்காயும். தசமூல ஹரீதகி, பத்து வேரும் கடுக்காயும். அந்தப் பத்து வேரை மட்டும் எடுத்துக்குங்க. வில்வம் கோயில் நந்தவனத்தில் இருக்கும், சரி. நெருஞ்சி காய்ந்த மேட்டில். கண்டங்கத்திரி பாதையோரம். குமிழும் பாதிரியும் வேணும்னா காட்டுக்குத்தான் போகணும். ஒண்ணு மழைக்குப் பிறகு கிடைக்கும், ஒண்ணு கோடையில்தான் வேர் முற்றும். வடமொழிப் பெயர் தெரிந்தவர் மருத்துவர். அந்தப் பெயருக்கு உரிய செடி எந்த ஏரியின் எந்தக் கரையில் எந்த மாதம் நிற்கிறது என்று தெரிந்தவர்கள் இந்த இரண்டு பேர். இந்த இரண்டு பேர் இல்லாட்டி அந்த 20 மருந்தும் வெறும் பெயர்தான்.

ஆடாதொடை எங்க கொல்லை வேலியில் இருக்கிறது. ஆடு தொடாத இலை, அதனால் அந்தப் பெயர். வேலிக்கு வைத்தால் ஆடு மேயாது, இருமலுக்கு இலையைக் கஷாயம் போடலாம், ஒரே பெயரில் இரண்டு வேலைக்கும் குறிப்பு. ஸ்வீடனில் உட்கார்ந்துகொண்டு உலகத்துச் செடிகளுக்கெல்லாம் லத்தீன் பெயர் வைத்த லின்னேயஸ், 1753இல் இதற்கு ஜஸ்டிசியா அதடோடா என்று பெயர் கொடுத்தார். நம்ம ஆடு அங்கேயும் போய் நிற்கிறது. முருங்கை மொரிங்கா ஆனது, புங்கம் பொங்காமியா ஆனது, எல்லாம் தமிழிலிருந்தோ பக்கத்து மலையாளத்திலிருந்தோ போனவை. யானை நெருஞ்சில், பூனைக்காலி, நரிப்பயறு, நாயுருவி என்று எங்க பக்கத்துச் செடிப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஆடு மாடு மேய்த்தவனும் காட்டில் திரிந்தவனும் வைத்த பெயர்கள் என்று கேட்டாலே தெரிந்துவிடும். வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவன் வைக்கிற பெயரா இது?

வெள்ளைக்காரன் வந்த கதையும் இதே மாதிரிதான். 1690களில் சென்னைக் கோட்டையில் சாமுவேல் பிரவுன் என்று கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஒருவர் இருந்தார். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களில் செடிகளைப் பறிக்கவைத்து, காயவைத்துக் காகிதத்தில் ஒட்டி, லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரருக்குக் கப்பலில் அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர், அதை அவர்கள் மலபார் பெயர் என்று எழுதுவார்கள், கூடவே இங்கே எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம். லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அதெல்லாம் அச்சாகியும் வந்தது. அந்தக் காய்ந்த செடிகள் இன்றைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஸ்லோன் சேகரிப்பில் இருக்கின்றன. பிரவுன் பெயர் இருக்கிறது, பெட்டிவர் பெயர் இருக்கிறது. வரப்பில் குனிந்து பறித்துக் கொடுத்தவர்கள் 'உள்ளூர் வைத்தியர்கள்' என்பதோடு சரி.

அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்திருக்க முடியும் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்குச் சில வருஷம் முன்னாடிதான், 1678 தொடங்கி 1693 வரை, டச்சுக்காரர் வான் ரீட் கொச்சியிலிருந்து 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற 12 பெரிய புத்தகங்களை ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்டார். செடிகளைச் சொல்லிக் கொடுத்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் வாக்குமூலம், அவர் எழுத்திலேயே முதல் புத்தகத்தில் இருக்கிறது. பேர் போடணும்னு நினைத்தவன் போட்டிருக்கிறான்.

இப்போ எங்க ஊருக்கு வருவோம். எங்க ஏரிக்கரைச் சரிவில், புறம்போக்கில், இருளர் குடும்பங்கள் சில இருக்கின்றன. 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்கு இருளர் என்ற பெயர் தெரிந்திருக்கும். எங்க மாவட்டத்திலும் செங்கல்பட்டிலும் திருவள்ளூரிலும் விழுப்புரத்திலும் பரவலாக இருக்கிற பழங்குடி. விவசாயிகளுக்கு அவர்களைத் தெரிந்தது எலி மூலமாகத்தான். கதிர் பிடிக்கிற நேரத்தில் எலி வெட்ட ஆரம்பிச்சா தூக்கம் போயிடும். அப்போ கடப்பாரையும் ஒரு ஓட்டைப் பானையுமாக வருவார்கள். பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி, ஓட்டையில் வாய் வைத்து ஊதி, வளைக்குள் புகையை விடுவார்கள். எந்த வளையில் எலி இருக்கு, எதில் பாம்பு இருக்கு, எது காலி, வாசல் மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பிடித்த எலியும், எலி சேர்த்து வைத்திருந்த நெல்லும் அவர்களுக்கு. மருந்து வைக்கிற செலவு இல்லை, அந்த மருந்தைத் தின்ற எலியைத் தின்று ஆந்தை சாகிறதும் இல்லை.

செடி விஷயத்தில் எனக்கு ஆசிரியர் அங்கே இருக்கிற ஒரு ஆயா. வயசு எழுபதைத் தாண்டியிருக்கும். அவங்க வீட்டுக்காரரை எங்க அப்பா காலத்தில் எல்லாரும் 'வாடா, போடா'தான். என்னைத் தம்பின்னு கூப்பிடுங்க ஆயான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன், வாயில சாமின்னுதான் வருது. கழனி வரப்பில் அவங்களோட ஒரு சுற்று போனால் நான் பார்த்த வரப்பு வேறு, அவங்க பார்த்த வரப்பு வேறு என்று தெரியும். எனக்குக் கோரை என்றால் களை. களைகளிலேயே கொடும் களை, எத்தனை தடவை பிடுங்கினாலும் கிழங்கிலிருந்து முளைக்கும். அவங்களுக்கு அந்தக் கிழங்குதான் சரக்கு, வயித்துக்கு மருந்து. வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி, ஈரம் நிற்கிற இடத்தில் வல்லாரை, வரப்பு முழுக்கக் கரிசலாங்கண்ணி, நிழலில் கீழாநெல்லி. சிறுகுறிஞ்சான் இலை ஒன்றை மென்னுட்டு வெல்லம் தின்னு பாருன்னாங்க. மண்ணைத் தின்ற மாதிரி இருந்தது, இனிப்பே தெரியலை.

ஒரு நாள் நன்னாரி வேர் தோண்டும்போது கூட இருந்தேன். கொடியைப் பிடித்து இழுக்கவில்லை. சுற்றி மண்ணைத் தள்ளி, போகிற வேர்களில் இரண்டை மட்டும் அறுத்துவிட்டு, மீதியை அப்படியே விட்டு மண்ணை மூடிக் காலால் அழுத்தினாங்க.

"மொத்தமும் எடுத்தா வர்ற வருசம் இன்னாத்த எடுக்கிறது சாமி? அது இங்கதானே கீது, எங்க ஓடப் போவுது?"

இதை நான் பூ சுற்றிச் சொல்லவில்லை. அவங்க எல்லாவற்றுக்கும் பச்சிலை என்று சொல்கிற ஆளும் இல்லை. போன வருஷம் ஒரு பையனைக் கண்ணாடி விரியன் கடித்தபோது, ஊர்க்காரன் ஒருவன் இலையைத் தேடி ஓட, "வண்டிய எடு, ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு கத்தினது ஆயாதான். இருளர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற விஷமுறிவு மருந்துக்கு விஷம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

அது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்குப் பெரிய ஏற்றுமதிச் சந்தை இருந்தது, பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976இல் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. தெரிந்த ஒரே தொழில் ஒரே நாளில் குற்றம் ஆனது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இருக்கிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் பெரும்பாலும் இங்கிருந்துதான் போகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைத் தெரிந்தவனுக்குச் சம்பளம், சங்கம், பெயர் மூன்றும் கிடைத்த கதை அது.

செடியைத் தெரிந்தவருக்கு அந்த அளவுக்கு இல்லை. 1882இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்ததிலிருந்தே காட்டில் வேர் தோண்டுகிறவன் பாதி நேரம் திருடன்தான். எங்க பக்கத்துச் சின்னச் சின்னக் குன்றுக் காடுகளும் காப்புக்காடு ஆகிவிட்டன. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் தண்டரையில் 1986இல் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் தொடங்கி, மூலிகைத் தோட்டம் போட்டு, நாற்று வளர்த்து, மருந்து செய்து விற்கிறார்கள். நல்ல வேலை, ஒரு நாள் போய்ப் பாருங்கள். கேரளத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1987இல் அகத்தியமலையில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டப் போன காணிக்காரர்கள், நடந்து களைக்காமல் இருக்க ஒரு காயைத் தின்றுகொண்டே போனார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள், அதில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று முடிவானது. பிறகு அதில் பல சிக்கல். ஆனாலும் தெரிந்து சொன்னவனுக்குப் பங்கு உண்டு என்று ஒரு கணக்கில் எழுதினார்கள். 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்திலும் இப்படிப் பங்கு தர வழி இருக்கிறது.

எங்க ஏரிக்கரையில் அந்தச் சட்டமெல்லாம் வந்து சேரவில்லை. ஆயாவின் மகனும் மருமகளும் சீமைக்கருவேலம் வெட்டப் போகிறார்கள். ஊரைச் சுற்றிப் பரவி, மற்ற செடி எதையும் கீழே முளைக்க விடாத அதே மரம், அதை வெட்டித்தான் இன்று அவர்களுக்குச் சோறு. முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம் பக்கத்தில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் குடும்பங்களை மீட்டார்கள். ஒரு பெரியவர் அதிகாரி காலில் விழுந்து கிடந்த போட்டோ பேப்பரில் வந்ததே, அதுதான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அப்போது 43 வருஷம் ஆகியிருந்தது. பேத்தி பத்தாவது முடித்திருக்கிறாள். பழங்குடிச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாள். நீங்கள் இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். அந்தப் பெண்ணுக்குச் செடி கற்றுக்கொள்ள நேரமும் இல்லை, அதில் ஒரு லாபமும் தெரியவில்லை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

நகரத்திலிருந்து மூலிகை ஆர்வத்தோடு வருகிறவர்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வருத்தம். போனை நீட்டி, ஆயாவை நிற்கவைத்து, ஒரு மணி நேரம் பேச வைத்து, பாட்டி வைத்தியம் என்று வீடியோ போடுகிறார்கள். போகும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட். 11ஆம் நூற்றாண்டிலேயே நெல்லும் காசும் கொடுத்த வேலை இது. நான் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். ஆயா கழனிக்குச் செடி காட்ட வந்தால், அன்றைக்குக் களையெடுப்புக்கு என்ன கூலியோ அதே கூலி. வரப்புக்குக் களைக்கொல்லி அடிப்பதில்லை. அடித்தால் பறிக்க ஒன்றும் இருக்காது, பறித்ததைத் தின்னவும் முடியாது. நடவுக்கு முன் கொழிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கம், பூவரசுன்னு தழை மிதிக்கிற பழக்கம் எங்க அப்பா காலத்தோடு போச்சு, அதை மறுபடி கொண்டுவந்தபோது எந்தத் தழை சீக்கிரம் மக்கும், எது தாமதம் என்று எனக்கு வரிசை சொன்னதும் அவங்கதான். விதை நெல் குதிரில் நொச்சி இலை போடுகிறதும் இப்போ வழக்கமாயிடுச்சு.

இந்த வருஷம் கோடையில் ஏரிக்கரையைச் சுத்தம் செய்ய ஜேசிபி வந்தது. கரை பலப்பட வேண்டியதுதான், சீமைக்கருவேலம் போக வேண்டியதுதான். ஆனால் பக்கெட் வைத்து வழித்தால் நொச்சியும் போகும், நன்னாரியும் போகும், மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிற வேரெல்லாம் போகும். ஆயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பழைய சேலையைக் கிழித்துக் கிழித்து, விட வேண்டிய புதரில் எல்லாம் முடிச்சுப் போட்டாங்க. டிரைவர் தம்பி சின்ன வயசு, திண்டிவனம் பக்கம். முதலில் சிரித்தான். அப்புறம் அவனே வண்டியை நிறுத்தி, "ஆயா, இத்த எடுக்கவா, வுடவா?"ன்னு கேட்க ஆரம்பித்துவிட்டான். முடிச்சுப் போட்டதில் முக்கால்வாசி தப்பித்தது. ஒன்றரை நாள் வெயிலில் நின்றாங்க.

வேலை முடிந்து கணக்கு எழுதினார்கள். வண்டி ஓடின மணி, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் நோட்டில் ஏறியது. செடி காட்டினதுக்கு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார்கள். அப்படி ஒரு தலைப்பு நோட்டில் இல்லை. ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கிற நாங்கள் நான்கு பேர் போட்டு அந்த ஒன்றரை நாள் கூலியைக் கொடுத்தோம். ஆயா எண்ணிப் பார்த்து முந்தியில் முடிந்துகொண்டு, வடக்குக் கரையில் இன்னும் இரண்டு புதர் இருக்கு, நாளைக்கு வண்டி அந்தப் பக்கம் போகுமா என்று கேட்டாங்க.